பாறையனுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி

முட்டியில குத்துதா அண்ணாச்சி? கொஞ்சம் பொறுத்துக்கோங்க. குழாய் இல்ல, பேனர். சுருட்டி நூல் கட்டி வச்சிருக்கேன். மேல வச்சா வளைவுல உருண்டு யார் தலையிலயாவது விழும், கீழ படுக்கப் போட்டா மிதிச்சிருவாங்க. நாச்சியார்குளம் வரைக்கும்தான். அங்க இறங்கிருவேன். இறங்கணும். போன மாசம் இதே மாதிரி கிளம்பி வந்து, ஸ்டாப் வந்ததும் எந்திரிக்க முடியாம, கடைசி வரைக்கும் போயி அதே பஸ்ல சாத்தூருக்குத் திரும்பிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு.

இன்னிக்கு அப்படி முடியாது. கோயில்ல பொங்கல் வச்சுக் கிடா வெட்டுறாங்க, பேனர் நான்தான் கொண்டு போறேன். வாசல்ல கட்ட இடம் விட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க.

என் பேரு வனராஜ். சாத்தூர்ல ஃப்ளெக்ஸ் கடையில டிசைனர். பதினாறு வருஷம். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரன் பிறந்தநாள் எல்லாம் போடுவேன், ஆனா என் பேரு நின்னது கண்ணீர் அஞ்சலியிலதான். பெருமைக்குச் சொல்லல. எங்க ஊர்ல எந்தச் சுவத்துல அஞ்சலி பேனர் இருந்தாலும் நான் போட்டதுன்னா தெரிஞ்சிரும். எல்லாரும் விளக்கு போட்டா சுடர் நேரா நிக்கும். நான் போட்டா இடது பக்கம் லேசா சாஞ்சிருக்கும். காத்து அடிக்கிற மாதிரி. ஒரு நாள் நானே வரைஞ்சு வச்சது, அதுக்கப்புறம் அதை மாத்தினதே இல்ல. எங்க சித்தப்பா செத்தப்போ அவருக்கும் அதே விளக்கைத்தான் போட்டேன். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. பேரு, போட்டோ, தோற்றம், மறைவு, இவண். கை அது பாட்டுக்கு ஓடும்.

அப்படிப்பட்டவன் ஒரு டிவி நாடகத்துக்கு அழுதேன். சிரிக்காதீங்க.

'காவல் அறுவர்' பாத்திருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு. ஆறு பேருக்கு ஆறு சக்தி. உங்க பேரப்பிள்ளைக பாக்கும். எனக்கு நாப்பத்திரண்டு வயசு, வீட்டுக்காரி இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவா. ஆனா அதுல ஒருத்தன் எங்க பக்கத்துப் பையன் அண்ணாச்சி. இப்பப் போறோமே, இந்த நாச்சியார்குளம்தான் அவனுக்கு. பேரு சீனிராஜ். உடம்பு கல்லா மாறுற பாறையன் வேஷம். மூஞ்சியெல்லாம் சிமெண்டு பூசுன மாதிரி சாம்பல் கலரு, பெத்த தகப்பனுக்கே அடையாளம் தெரியாது. அதனால ஊர்க்காரன் எவனுக்கும் இது நம்ம பையன்னு தெரியல. எனக்குத் தெரியும், சவரிமுத்துக்குத் தெரியும். சவரிமுத்து செல்போன் ரீசார்ஜ் கடை வச்சிருக்கான், சின்ன வயசுலருந்தே என் கூட்டாளி. அவன் கடையில உக்காந்துதான் ரெண்டு பேரும் பாப்போம். பாறையன் ரசிகர் மன்றம்னு ஆரம்பிச்சோம். அவன் தலைவர், நான் செயலாளர். ஒரு ஒன்பது பேரு சேந்தாங்க.

மூணாவது சீசன், இருபத்துநாலாவது எபிசோடு. மொத்தமே இருபத்தாறு. இன்னும் ரெண்டு வாரம்தான், இனிமே என்ன ஆயிரப் போகுதுன்னு நிம்மதியா டீ வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். தீப்பெட்டி ஆபீஸ் ஒண்ணு. உள்ள நூறு பொம்பளைங்க குச்சி அடுக்கிக்கிட்டு இருக்காங்க. வில்லன் கூரையை உருக்கி விட்டுட்டான். பாறையன் போயி கூரைக்கு அடியில நின்னு ரெண்டு கையாலயும் தாங்குறான். மத்த அஞ்சு பேரும் ஆளுகளை வெளிய அனுப்பி விடுறாங்க. இவன் உடம்புல கீறல் விழுது. காலு, இடுப்பு, நெஞ்சு. கழுத்துக்கு வந்திருச்சு. அப்பக் கேக்கான், கடைசி ஆளு போயாச்சான்னு. போயாச்சுன்னு சத்தம் வருது. அவ்வளவுதான். பொலபொலன்னு உதிந்து விழுந்துட்டான்.

டீ ஆறிப்போச்சு. நான் சவரிமுத்துவைப் பாக்கல, அவன் என்னைப் பாக்கல. எனக்குக் கேவிக் கேவி வந்திருச்சு. நான் இன்னமும் சொல்லுவேன் அண்ணாச்சி, அந்த எபிசோடு தப்பு. முதல் சீசன் ஒன்பதாவது எபிசோடுல இவன் ஒரு ரயில் பாலத்தையே தாங்கியிருக்கான். பாலத்தைத் தாங்குனவன் தீப்பெட்டி ஆபீஸ் தகரத்துக்கா சாவான்? எழுதுனவனுக்குப் பழசு ஞாபகம் இல்ல. அவன் மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? சரி, அதை விடுங்க. அவனைச் சொல்லி என்ன.

சும்மா இருக்க முடியல. சவரிமுத்துதான் சொன்னான், ஒரு அஞ்சலி பேனர் வச்சிருவோம்னு. யாரு செத்தாலும் எங்க ஊர்ல அதுதானே வழக்கம். எனக்கும் மனசு ஆறும்போல இருந்துச்சு. கடை லீவு, சாவி என்கிட்ட இருந்துச்சு. போய் சிஸ்டத்தைப் போட்டேன். சவரிமுத்து அந்தக் கல்லு மூஞ்சிப் படத்தை வைக்கச் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். அதை வச்சா ஏதோ சிலைன்னு நினைப்பாங்க, நம்ம பையன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமான்னு கேட்டேன். சீனிராஜ் ஃபேஸ்புக்ல ஒரு கல்யாணத்துல எடுத்த படம் போட்டிருந்தான், வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு. அதை எடுத்தேன். பேரு நாச்சியார்குளம் கு. சீனிராஜ்னு பெருசாப் போட்டேன். பாறையனாக எங்கள் நெஞ்சில் வாழ்ந்த எங்கள் மண்ணின் மைந்தன். தோற்றம்னு இருந்த இடத்துல அவன் பிறந்த தேதியையே தேடி எடுத்துப் போட்டேன். மறைவு, அன்னைக்குத் தேதி. விளக்கு, பூ, எல்லாம் முறைப்படி. யோசிக்கவே இல்ல அண்ணாச்சி. பதினாறு வருஷமா நிரப்புற கட்டத்தை நிரப்புனேன்.

கீழ மன்றத்துக்காரங்க படம் வைக்கும்போது சண்டை வந்திருச்சு. தலைவர் படம் பெருசா இருக்கணும், செயலாளர் படம் மத்தவங்க கூட வரிசையில இருக்கட்டும்னான் சவரிமுத்து. பேனர் அடிக்கிறவன் நான், எனக்கு ஸ்டாம்பு சைஸா? ரோஷம் பொத்துக்கிட்டு வந்திருச்சு. அப்ப என் படமே வேண்டாம்னு சொல்லி, படத்தையும் எடுத்துட்டேன், பேரையும் எடுத்துட்டேன். அவன் கெஞ்சினான். நான் மசியல. அந்த ரோஷம்தான் என்னைக் காப்பாத்துச்சு. காப்பாத்துச்சுன்னு சொல்லவே நாக்கு கூசுது.

திங்கக்கிழமை விடியக்காலம் பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல சவரிமுத்து கட்டிட்டான். நான் வழக்கம்போல ஒன்பதரைக்குக் கடை திறந்தேன். பத்து மணி இருக்கும், ஒரு ஆளு ஓடி வாராரு. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. அஞ்சலி பேனர் வேணும், அவசரம்னாரு. பேரு கேட்டேன். நாச்சியார்குளம் சீனிராஜ், என் மாமா மகன்னாரு.

வீட்ல எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டு அழுறாங்க, மெட்ராஸ்லருந்து உடம்பு எப்ப வரும்னு தெரியலன்னு சொல்லிக்கிட்டே அந்த ஆளு பெஞ்சில சரிஞ்சு உக்காந்துட்டாரு. நான் நம்பிட்டேன் அண்ணாச்சி. சத்தியமா நம்பிட்டேன். நேத்து நடிப்புல செத்தான், இன்னைக்கு நெசமாவே செத்துட்டான், நம்ம கைராசியைப் பாருன்னுதான் நினைச்சேன். யாரு சொன்னா, எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாவு வீட்டுக்காரங்ககிட்ட எங்க தொழில்ல அதெல்லாம் கேக்க மாட்டோம். தேதி கேப்போம், போட்டோ கேப்போம். அவரு போட்டோ கொண்டாரலன்னாரு. என்கிட்ட இருக்குன்னு சொன்னேன். நேத்துப் போட்ட அதே பைலைத் திறந்து, மன்றத்துக்காரங்களை எடுத்துட்டு, மாமன் மச்சான் பேரைப் போட்டுக் கொடுத்தேன். அழுதுக்கிட்டேதான் போட்டேன்.

அப்புறம் முதலாளிகிட்ட அரை நாள் லீவு சொல்லிட்டு, ஒரு ரோஜா மாலை வாங்கிக்கிட்டு, இதே பஸ்ல ஏறி நாச்சியார்குளம் போனேன்.

வீட்டு முன்னாடி பந்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. உள்ள பொம்பளைங்க அழுற சத்தம். சீனிராஜோட அப்பா, குருவையான்னு பேரு, தாய் இல்லாத பிள்ளையை ஒத்தை ஆளா வளத்தவரு, சுவத்தோரமா உக்காந்திருந்தாரு. அவரு தினம் காலையில கனகாம்பரம் கொண்டுக்கிட்டு சாத்தூர் மார்க்கெட்டுக்கு வர்றவரு. அன்னைக்கும் எட்டு மணி பஸ்ல வந்திருக்காரு. பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்பும்போது ஜன்னல் வழியா மகன் படம். பேரு, பிறந்த தேதி, மறைவு. பூக்கூடையை சீட்டுலயே விட்டுட்டு இறங்கிப் போயி அந்த பேனர் முன்னாடி நின்னாராம். மகனுக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆப். அவனுக்கு அந்தக் கல்லு வேஷம் போடவே நாலு மணி நேரம் ஆகும், போனை அணைச்சு உதவி ஆளுகிட்டக் குடுத்துருவான். அது இவருக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் எனக்கும் அப்பத் தெரியாது. நான் மாலையை வச்சுக்கிட்டு அவரு காலடியில உக்காந்து அழுதேன். அவரு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. நீ யாருப்பான்னாரு. உங்க மகனோட ரசிகன்னேன். அவனுக்குன்னு மாலையோட வந்த முதல் ஆளு நீதான்யான்னு சொல்லி என் கையை விடவே இல்ல.

ஒரு மணிக்கு அவரு மடியில கிடந்த போன் அடிச்சுச்சு. யாரோ ஸ்பீக்கர்ல போட்டாங்க. சீனிராஜ் குரலு. மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டிருக்காங்க போல, அவன் எப்பவும் கேக்குறதைத்தான் கேட்டான்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

அவருக்குப் பேச்சு வரல அண்ணாச்சி. வாயைத் திறக்காரு, சத்தம் வரல. அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. அவன் அப்பா அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். கடைசியில அவரு சாப்பிட்டேன்யான்னாரு. காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல மனுஷன்.

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. என் பேனரைப் பாத்து இவங்க அழுதிருக்காங்க, இவங்க அழுததைக் கேட்டு நான் அழுதிருக்கேன். மாலை இன்னும் என் கையில இருக்கு. அதை எங்க வைக்க? உசுரோட இருக்கிறவனுக்குக் கொண்டாந்த சாவு மாலை. முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக்கிட்டு நின்னேன்.

அதுக்குள்ள பயலுக பஸ் ஸ்டாண்டு பேனரை அறுத்துக் கொண்டாந்து தரையில விரிச்சாங்க. நான் காலையில அடிச்சுக் குடுத்ததும் பக்கத்துலதான் கிடந்துச்சு. அதை அடிச்சுக் குடுத்தது நான்தான்னு, காலையில கடைக்கு வந்த அவரு மருமகன் ஏற்கெனவே சொல்லியிருந்தாரு. யாருடா இவன்னு சவரிமுத்து படத்தைக் காலால மிதிச்சான் ஒருத்தன். குருவையா ரெண்டு பேனரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் தலையைத் தூக்கி என்கிட்டக் கேட்டாரு.

"நீ இந்தத் தொழில்லதான இருக்க. பஸ் ஸ்டாண்டுல கட்டியிருந்த இது யாரு அடிச்சதுன்னு சொல்ல முடியுமாப்பா?"

"தெரியலய்யா. இது எங்க கடை வேலை இல்ல."

சொன்னேன் அண்ணாச்சி. கண்ணைப் பாத்துச் சொன்னேன். கையைப் புடிச்சு அழுத மனுஷன்கிட்ட. அவரு சரிப்பான்னு சொல்லிட்டு ரெண்டையும் மடிச்சு உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு.

சாயங்காலம் சவரிமுத்துவை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. அங்க வச்சே குருவையா காலுல விழுந்திருக்கான். யாரு எழுதிக் குடுத்தா, எங்க அடிச்சேன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்காங்க. என் பேரை அவன் சொல்லல. எல்லாம் நான்தான்னு ஒரே சாதிப்பா நின்னிருக்கான். குருவையாதான் புகார் வேண்டாம்னு எழுதிக் குடுத்து வெளிய விடச் சொன்னாராம். ஆனா ஊரு விடுமா? சாவை விளையாட்டாக்குன பயன்னு அவன் கடைக்கு ஆளு வர்றது நின்னு போச்சு. இப்ப வேற தெருவுக்குக் கடையை மாத்திட்டான். நான் போயி ஒரு வார்த்தை பேசல. தலைவர் படம் பெருசா வேணும்னு அவன்தானே கேட்டான், அதுக்கு நான் என்ன செய்யன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். கொஞ்ச நாளு அது கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. அந்த எபிசோடுல கூரையைத் தாங்குனவனுக்காக அழுதேன்ல, நெசத்துல கூரையைத் தாங்குனவன் சவரிமுத்து. நான் வெளிய ஓடுன ஆளு. அவன் கடை இருக்கிற தெருவைச் சுத்திக்கிட்டு வேற வழியாத்தான் இப்ப வீட்டுக்குப் போறேன்.

இதுல கொடுமை, இருபத்தாறாவது எபிசோடுல பாறையன் திரும்ப வந்துட்டான். தூளெல்லாம் ஒண்ணு சேந்து எந்திரிச்சு நிக்கான். இது மாதிரிக் கதையில எவன்தான் நெசமாச் சாவான்? ஒரு ரசிகனா எனக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா? ரெண்டு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாப் போதும். அன்னைக்குத் தனியாத்தான் பாத்தேன். சந்தோஷமே வரல.

குருவையா நல்ல மனுஷன். என் நம்பரை அன்னைக்கே வாங்கி வச்சுக்கிட்டாரு. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவாரு. என்ன செய்ற, பிள்ளைக நல்லா இருக்கா, வேலை எப்படிப் போகுதுன்னு கேப்பாரு. போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும், வேற ஏதும் சொல்லணுமாப்பான்னு கேப்பாரு. நான் ஒண்ணும் இல்லய்யான்னு சொல்லுவேன். சரிப்பான்னு வச்சிருவாரு. அப்படி ஒரு மரியாதை தெரிஞ்ச ஆளு. அவரு போன் வந்தாலே எனக்கு வேர்த்துரும்.

இப்ப மகன் உசுரு திரும்பக் கிடைச்ச மாதிரின்னு சாமிக்கு நேந்துக்கிட்டாரு. அதுதான் இன்னைக்குப் பொங்கலும் கிடாவெட்டும். சீனிராஜும் வந்திருக்கான். போன வாரம் போன்ல கூப்பிட்டு, பேனர் நீதான் அடிச்சுக் கொண்டாரணும்னாரு. சவரிமுத்துவையும் கூப்பிட்டிருக்கேன், வர்றேன்னுட்டான்னாரு. தப்புப் பண்ணுனவனை எதுக்குய்யா கூப்பிடுறீங்கன்னு கேட்டேன். கேட்டேன் அண்ணாச்சி, நான். அவரு பேச்சை மாத்தி, பேனர்ல பூ போடு, வேல் போடு, உனக்கு எது தோணுதோ போடு, அந்தச் சாஞ்ச விளக்கு மட்டும் வேண்டாம்யான்னாரு. சரி, நல்ல காரியத்துக்கு விளக்கு வேண்டாம்ங்கிறாரு போலன்னு நானும்...

இருங்க.

இருங்க அண்ணாச்சி. நான் இப்ப என்ன சொன்னேன்? சாஞ்ச விளக்குன்னா சொன்னாரு? அந்தச் சாஞ்ச விளக்குன்னுதான் சொன்னாரு. அந்த வீட்ல ரெண்டு பேனரையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சுப் பாத்தாரு. ஒண்ணு யாரு அடிச்சதுன்னு தெரியாதது. இன்னொண்ணு அன்னைக்குக் காலையில என் கடையில அவரு மருமகன் வாங்கிட்டுப் போனது. ரெண்டுலயும் ஒரே போட்டோ, ஒரே விளக்கு.

அப்ப அன்னைக்கே தெரியும். கேக்கும்போதே தெரியும் அவருக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான் சரிப்பான்னு சொல்லியிருக்காரு. நாலு மாசம் வாராவாரம் போனைப் போட்டு, வேற ஏதும் சொல்லணுமாப்பான்னு...

நான் ஒண்ணும் இல்லய்யான்னு சொல்லியிருக்கேன். பதினேழு தடவை. இன்னைக்கு நானாப் போயி உண்மையைச் சொல்லிருவேன், பெரிய காரியம் பண்ணப் போறேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வேற கிளம்பி வந்தேன். வெக்கமா இருக்கு அண்ணாச்சி. என்னைக்கும் இப்படி வெக்கமா இருந்ததில்ல.

உங்ககிட்ட பேனா இருக்கா? இந்தப் பேனர்லயும் அடியில என் பேரைப் போடல. கோயில் பேனர்தானேன்னு விட்டுட்டேன். இல்ல, வேண்டாம், வைங்க. பால்பாயிண்டு இதுல எழுதாது. எழுதுனாலும் இனிமே எழுதிச் சொல்ற விஷயம் இல்ல இது, வாயாலதான் சொல்லணும்.

அந்தா, ஆலமரத்துக்கு அடியில நிக்காரு பாருங்க, வெள்ளை வேட்டி. அவருதான் குருவையா. பக்கத்துல கட்டம் போட்ட சட்டை சவரிமுத்து. ரெண்டு பேரும் இந்த பஸ்ஸைத்தான் பாத்துக்கிட்டு நிக்காங்க.

காலைக் கொஞ்சம் நகத்துங்க அண்ணாச்சி. நான் இறங்கணும்.